தூர்வாரும் கப்பலின் பின்பக்கத் தகடு குறித்து மகள் கூறியது

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டிருப்பவையே. எனக்கு வயது இருபத்தெட்டு. மேற்படி முகவரியில் மாடிப் பகுதியில் என் தாயாருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். பாடப்புத்தகங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக வேலை செய்கிறேன். என் தகப்பனார் உயிருடன் இல்லை. என் தாயாருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் பாலத்துக்குப் போகும் சாலையில் உள்ள கிரில் பட்டறையில் கேஸ் கட்டர் பிடித்து இரும்பு வெட்டும் வேலை பார்த்து வருகிறார். நானோ அவரோ இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. இன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

என் தகப்பனார் இறந்த வருடம், எங்கள் குடும்பத்தில் யார் எங்கே பிறந்தார்கள், எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதைத் தேடி எழுதி வைக்க ஆரம்பித்தேன். எதற்காக என்று கேட்கப்பட்டது. அது என் சொந்த விஷயம். களவு நோக்கம் அதில் இல்லை. தகப்பனார் வழியில் எல்லாம் எளிதாகக் கிடைத்தது. அவர்கள் நான்கு தலைமுறையாக ஒரே தெருவை விட்டு நகராதவர்கள். தாயார் வழியில்தான் சிரமமாக இருந்தது. என் தாயாரின் தகப்பனார் ஆற்று முகத்துவாரத்தில் சேறு வாரும் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். அந்தக் கப்பலின் பின்பகுதியில் இருந்த அறைகளிலேயே வேலையாட்களின் குடும்பங்களும் தங்கியிருந்தன. அப்போது ஆற்றின் இரண்டு கரைகளும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தன. பிறகு எதிர்க்கரை தனி நாடாகப் பிரிந்துவிட்டது. என் தாயார் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. குடும்பம் கப்பலை விட்டு இறங்கி இந்தக் கரையில் குடியேறியது.

அதன்பிறகு நடந்தது என்னவென்றால், நான் இங்குள்ள பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து என் தாயாரின் பிறப்புப் பதிவின் நகலைப் பெற்றேன். அதில் பிறந்த இடம் இந்தக் கரையில் உள்ள ஊர் என்று இருந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எதிர்க்கரையிலும் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று கேட்டு இன்னொரு மனுக் கொடுத்தேன். அலுவலகம் அந்த நாட்டுக்கு எழுதி, பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே தாய், அதே தகப்பன், அதே தேதி, பெண் குழந்தை, ஆனால் பதிவு செய்த இடம் எதிர்க்கரை. இரண்டிலும் முத்திரை இருந்தது. இரண்டும் அசல் பதிவின் உண்மை நகல் என்று எழுதியிருந்தது. எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. தேடுகிறவர்களுக்கு முரண்பாடு கிடைத்தால் ஏற்படும் சந்தோஷம் அது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு இந்த வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் புதிய குடியுரிமை அட்டை கொடுக்கும் உத்தரவு வந்தது. என் தாயார் விண்ணப்பித்தபோது, என் மனுவின் பேரில் வந்த எதிர்க்கரைப் பதிவும் அவர் பெயருக்கு எதிரே கணினியில் ஏறியிருந்தது. ஒருவர் இரண்டு இடத்தில் பிறந்திருக்க முடியாது என்று காரணம் காட்டி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தொடர்ந்து அந்நியர் பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தது. இந்த மாத முடிவுக்குள் எந்தக் கரையில் பிறந்தவர் என்று நிரூபிக்காவிட்டால் அவர் வேலை செய்யும் உரிமை ரத்தாகும் என்றும், எதிர்க்கரை அரசிடம் ஒப்படைக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. நினைவு தெரிந்த நாள் முதல் என் தாயார் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. பட்டறை முதலாளி, "அக்கா, உங்களப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா மாசக் கடைசிக்கு மேல வெச்சுக்கிட்டா என் பட்டறைய மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் அந்த இரண்டாவது மனுவைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இது எதுவும் வந்திருக்காது. இதை என் தாயார் ஒருநாளும் சொல்லவில்லை. என் தாய்மாமா வாரம் ஒருமுறை சொன்னார்.

அதன்பிறகு நானும் தாயாரும் பதிவு அலுவலகத்துக்கு எட்டு மாதமாக நடந்தோம். நான் அச்சகத்தில் அரை நாள் விடுப்பு எடுப்பேன். தாயார் பட்டறை உடையை மாற்றிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே பேசுவதில்லை. அந்த அலுவலகத்தில் மூன்று கவுண்டர்கள் உண்டு. எங்களுக்குரியது நடுக் கவுண்டர். அதில் இருக்கும் எழுத்தருக்கு என் தாயார் வைத்த பெயர் "அடுத்த வாரம்". அவர் வேறு எதுவும் அதிகம் சொல்லாததால் அந்தப் பெயர். ஒரே ஒருமுறை நீளமாகப் பேசினார்.

"எது சரின்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்கம்மா. நான் மத்ததை அடிச்சிடறேன்."

"நாங்க எப்படி சார் முடிவு பண்றது? ரெண்டுலயும் முத்திரை இருக்கு."

"அதாம்மா சிக்கலே. ஒண்ணு போலியா இருந்திருந்தா இந்நேரம் சுலபமா முடிச்சிருப்பேன்."

போலி வைத்திருப்பவர்களுக்குச் சுலபம், அசல் இரண்டு வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். இதைப் பற்றி நான் மேலும் சொன்னது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று கூறப்பட்டதால் விட்டுவிடுகிறேன்.

அதன்பிறகு என் தாய்மாமாவை விசாரித்தேன். அவர் என் தாயாருக்கு ஆறு வயது மூத்தவர். அந்தக் கப்பலிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது சொந்தமாக டெம்போ ஓட்டுகிறார். என் தாயாரை இன்றும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். தாயார் பிறந்த நாளில் கப்பலில் இருந்து, இன்றும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரிடம் முதல்முறை கேட்டபோது இந்தக் கரைதான், சத்தியம் என்றார். இரண்டாம் முறை, பிரசவம் பார்த்த நர்ஸம்மா எதிர்க்கரையிலிருந்துதான் படகில் வந்தார், அதனால் அந்தக் கரையாக இருக்கும் என்றார். மூன்றாம் முறை இரண்டும் இல்லை என்றார். நான் மூன்று பதிலையும் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கப்பா ஆத்தத் தோண்டுனாரு, நீ ஆபீசத் தோண்டுற. தோண்டுன சேத்தையெல்லாம் பாப்பா தலையில கொட்டிட்டு இப்ப என்னை மெரட்டுறியா மருமகளே?"

"மெரட்டல மாமா. கப்பல் அன்னிக்கு எந்தக் கரையோரம் நின்னுச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

"நின்னாத்தானே சொல்றதுக்கு!"

அப்போதுதான் அவர் விளக்கமாகச் சொன்னார். அந்தக் கப்பல் ஒரு பெரிய இரும்புத் தூணைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கரைகளிலும் கட்டிய இரும்புக் கயிறுகளை மாற்றி மாற்றி இழுத்து, மேசை விசிறி தலையைத் திருப்புவது போல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆடிக்கொண்டே சேற்றை வாரும். வேலை நாளில் அது ஓரிடத்தில் நிற்காது. பிரசவம் என்பதற்காக இயந்திரத்தை நிறுத்தும் வழக்கம் அங்கே கிடையாது. யாருடைய பிரசவத்துக்கும் நிறுத்தியதில்லை. என் தாயாருக்காகவும் நிறுத்தவில்லை. வலி எடுத்ததிலிருந்து குழந்தை அழுதது வரை கப்பல் இரு கரைக்கும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கும். அதன்பிறகு என் தாயாரின் தகப்பனார், குடிதண்ணீர் எடுக்கும் கரையே கப்பல்காரர்களின் ஊர் என்ற வழக்கப்படி இந்தக் கரையில் போய்ப் பதிவு செய்தார். பிரசவம் பார்த்த நர்ஸ், தான் பார்த்த பிரசவங்களைத் தன் ஊரில் பதிவு செய்யவேண்டும் என்ற விதிப்படி எதிர்க்கரையில் பதிவு செய்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

"அப்ப நீங்க எதைத்தான் மாமா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"எதைப் பாக்கறது? எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க. நான் தண்ணியில விழுந்துடக்கூடாதுன்னு இடுப்புல கயிறு கட்டி என்னைப் பின்பக்கக் கம்பியில கட்டிப் போட்டுட்டாங்க. கப்பல்ல எல்லாப் புள்ளைங்களையும் அப்படித்தான் கட்டுவாங்க. நான் விளிம்புல குப்புறப் படுத்துத் தலையக் கீழ தொங்கவிட்டு, வெளிப்பக்கம் இருந்த எழுத்தைக் கையால தடவிக்கிட்டுக் கெடந்தேன். துறைமுகத்துப் பேரு. வெல்டிங் வெச்சு எழுப்பின எழுத்து. நான் மொதல்ல படிச்ச எழுத்தே அதுதான், அதுவும் தலைகீழா."

இந்தக் கரைத் துறைமுகத்தின் பெயரைத்தான் அவர் சொன்னார். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதையே சொன்னார்.

அதன்பிறகு நான் பொது நூலகத்தில் பழைய பதிவுச் சட்டக் கையேட்டை எடுத்துப் படித்தேன். அதில், நீரில் மிதக்கும் கலத்தில் பிறந்த குழந்தை, அந்தக் கலம் எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்ததோ அங்கே பிறந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு விதி இருந்தது. அதை வீட்டுக்கு வந்து என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். எதிர்க்கரைப் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பிறந்த இடம் என்பதற்கு எதிரே "கப்பலில்" என்று நர்ஸ் சொல்லி எழுதியிருந்தது. எட்டு மாதமாக எங்களை அலைக்கழித்த காகிதமே கப்பலில் பிறந்ததற்கான சாட்சியாக இருந்தது. இந்தக் கரைப் பதிவில் ஊர்ப் பெயர் மட்டும்தான், கப்பல் என்ற சொல்லே இல்லை. அதன்பிறகு கரையைப் பற்றிய கேள்வியே இல்லை, கப்பல் எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்தது என்பது மட்டுமே கேள்வி என்று எனக்குத் தெளிவானது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதன்பிறகு பதிவாளர் அம்மாவை நேரில் பார்த்து விதியைக் காட்டினோம். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார்.

"விதி இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. கப்பல் நம்ம துறைமுகத்தோடதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

நான் தாய்மாமா சொன்னதைச் சொன்னேன்.

"ஆறு வயசுப் பையன் தலைகீழாப் படிச்சதை நான் எப்படிம்மா பதியறது? கப்பல் இருக்கா இப்போ?"

"இருக்கு. துறைமுகத்துக்குப் பின்னால சேத்துல ஏறி நிக்குது."

"அப்ப சரி. யாராவது ஒரு அரசாங்க அதிகாரி அந்த எழுத்தை நேர்ல பாத்து, இன்ன பேர் இருக்குன்னு முத்திரை போட்டு எழுதிக் குடுக்கட்டும். எந்தத் துறையா இருந்தாலும் எனக்குப் போதும்."

"நீங்களே ஒருதடவை வந்து பாக்கக்கூடாதாம்மா? பஸ்ல அரைமணி நேரம்தான்."

"நான் சீட்டை விட்டு எழுந்து போறதுக்கு விதி இல்லம்மா."

அதன்பிறகு துறைமுகப் பண்டகசாலை அலுவலரிடம் போனோம். இப்போது புகார் கொடுத்திருப்பவர் அவர்தான். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கவிட்டிருப்பார். அவருடைய மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் முழுவதும் அந்தக் கப்பல்தான் தெரிந்தது.

"கப்பலா? எந்தக் கப்பல்?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது எங்களோடது இல்ல. பிரிவினையப்போ அதோட காகிதமெல்லாம் அந்தக் கரைக்குப் போயிடுச்சு."

"பின்பக்கம் எழுதியிருக்கறதைப் பாத்து எழுதிக் குடுத்தாப் போதும் சார். கப்பலைப் பத்தி வேற எதுவும் வேண்டாம்."

"எழுதிக் குடுத்தா அது எங்களோடதுன்னு ஆயிடும். ஆயிடுச்சுன்னா, இத்தனை வருஷம் ஏன் துருப்பிடிக்க விட்டேன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு தாயி."

"அப்ப யாரோடது சார்?"

"யாரோடதும் இல்ல. சும்மா நிக்குது."

நான் எழுத்துமூலம் கேட்டேன். மேற்படி கலம் குறித்து இவ்வலுவலகத்தில் விவரம் எதுவும் இல்லை, அது இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல என்று அவர் கையொப்பமிட்டுப் பதில் கொடுத்தார். அந்தப் பதிலின் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதன்பிறகும் மூன்று முறை போனோம். கடைசி முறை அவர் எங்களைப் பார்த்ததும் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துச் சத்தம் வராமல் பின்வாசல் வழியாகப் போனதை என் தாயார் பார்த்தார்.

அதன்பிறகு நானே கப்பலைப் போட்டோ எடுத்துக்கொண்டுபோய் நடுக் கவுண்டரில் காட்டினேன். பின்பக்கம் முழுவதும் பச்சைப் பெயிண்ட் கனமாக அப்பியிருந்ததால் எழுத்தின் மேடு மட்டும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. "இதுல பெயிண்ட்டுதான் தெரியுது. பெயிண்ட் அடிச்சிக் காட்டறவங்க நிறைய பேர் வருவாங்க. அடுத்த வாரம் பாப்போம்" என்றார் எழுத்தர். மாத முடிவுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று மிச்சம் இல்லை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்து, "ஆமா, இல்லை" என்று ஒப்புக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது என் தாயார், "பெயிண்ட்டைச் சுட்டு எடுத்துடலாம். அண்ணனை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார். பெயிண்டை நெருப்பால் பொசுக்கிச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டோ எடுப்பது என்றுதான் எங்களுக்குள் பேச்சு. வெட்டுவது பற்றிப் பேச்சு இல்லை. எனக்குத் தெரிந்தவரை தாய்மாமாவுக்கும் தெரியாது.

அதன்பிறகு மறுநாள் செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் என் தாயார் பட்டறையிலிருந்து சிலிண்டர்களையும் கட்டரையும் கம்பி பிரஷ்ஷையும் டெம்போவில் ஏற்றினார். முதலாளியிடம் ஒரு வெளிவேலை இருக்கிறது என்று சொன்னார். முதலாளிக்கு இதில் வேறு சம்பந்தம் இல்லை. துறைமுகத்துப் பின்கேட்டில் வாட்ச்மேன் வண்டியை நிறுத்தினார்.

"என்ன பெரியவரே?"

"பழைய இரும்பு."

"எடுக்கப் போறீங்களா, போடப் போறீங்களா?"

"பாக்கப் போறோம்."

வாட்ச்மேன் சிரித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். அங்கே தினமும் பழைய இரும்புக்காரர்கள் வந்து போவது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கப்பல் காய்ந்த சேற்றில் சற்றுச் சாய்ந்து நின்றது. ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினால் பின்பக்கம் கைக்கு எட்டியது. என் தாயார் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சிலிண்டரைத் திறந்து தீயைப் பற்ற வைத்தார். ரப்பர் குழாய் சேற்றில் சிக்காதபடி நான் பிடித்துக்கொண்டேன். பச்சைப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து விழுந்தது. அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல் நிறம். தாயார் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முழுவதும் வந்ததும் தாய்மாமா கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இதேதான் பாப்பா! இப்படித்தான் இருந்துச்சு!" என்று கத்தினார். அதன்பிறகு அவரால் நிமிர முடியவில்லை. நான் கையைக் கொடுத்து நிமிர்த்தினேன்.

என் தாயார் அந்த எழுத்துகளை அதற்குமுன் பார்த்ததில்லை. இரும்பு ஆறும்வரை காத்திருந்து, கையுறையைக் கழற்றி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலால் தடவிப் பார்த்தார். நான் போட்டோ எடுத்தேன். தெளிவாக விழுந்திருந்தது. "போதும்மா, போலாம்" என்றேன். அவர் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு தீயைக் கூட்டினார். "தள்ளி நில்லு, பொறி தெறிக்கும்" என்றார். அதன்பிறகு எழுத்துகளைச் சுற்றி நான்கு பக்கமும் வெட்டினார். நான் "அம்மா, இது தப்பு" என்று சொன்னேன். அவர் தீயிலிருந்து கண்ணை எடுக்காமல், "எது?" என்று கேட்டார். குழாயை நான் கீழே போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நான்கு கோட்டையும் நேராக வெட்டியிருக்கிறார். ஓரத்தில் பிசிறு இல்லை. தகட்டைப் பார்த்தால் தெரியும். வெட்டிய ஓட்டை வழியாகக் கப்பலின் உள்பக்கம் தெரிந்தது. தாய்மாமா எட்டிப் பார்த்து, "அந்த அறைதான்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு தகட்டைக் கோணியில் சுற்றி மூவருமாகத் தூக்கி வண்டியில் வைத்தோம். நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எதையும் மறைக்கவோ விற்கவோ முயலவில்லை. என் தாயாரும் தாய்மாமாவும் தகட்டைத் தூக்கி வந்து நடுக் கவுண்டரின் மேல் வைத்தார்கள். கவுண்டரின் மேற்கண்ணாடி அப்போதுதான் விரிசல் விட்டது. வேண்டுமென்றே உடைத்ததாகப் புகாரில் சொல்லப்பட்டிருப்பது உண்மையல்ல, மெதுவாகத்தான் வைத்தார்கள். கண்ணாடியை மாற்றித் தர நாங்கள் தயார்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக என் தாயார் அந்தக் கவுண்டரில் பேசினார். "எழுத்தைப் பாக்கணும்னு சொன்னீங்க. பாருங்க" என்றார்.

எழுத்தர் தகட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை நான் எந்தக் கோப்புலம்மா சொருகறது?" என்று கேட்டார். அவர் கேலி செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பதிவாளர் அம்மா அறையை விட்டு வெளியே வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். எழுத்துக்கு எழுத்து அவர் உதடு அசைந்ததைப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதன்பிறகு அவர், "இது ஆவணம் இல்ல, இரும்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் படித்தார், ஆனால் எழுதவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தகட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். பதிவு அலுவலகத்திலிருந்து துறைமுகத்துக்குத் தகவல் போய், மறுநாள் புகார் கொடுக்கப்பட்டது.

அதன்பிறகு இன்று காலை எங்கள் மூவரையும் நிலையத்துக்கு அழைத்தார்கள். துறைமுகப் பண்டகசாலை அலுவலர் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் "எங்கள் துறைமுகத்துக்குச் சொந்தமானதும் எங்கள் பொறுப்பில் உள்ளதுமான தூர்வாரும் கப்பலின் பின்பக்கத் தகட்டை" என்று இருந்தது. திரும்ப ஒருமுறை படிக்கும்படி கேட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கப்பட்டது. நான் சிரிக்கவில்லை. அவர் முன்பு எனக்கு எழுதிக் கொடுத்த பதிலையும் இந்தப் புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். இரண்டிலும் ஒரே கையொப்பம்தான்.

அதன்பிறகு தகடு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு எங்கள் முன்னிலையில் கைப்பற்றுதல் குறிப்பு எழுதப்பட்டது. நீளம், அகலம், கனம் அளக்கப்பட்டன. தகட்டின் மேல் எழும்பிய எழுத்துகளில் உள்ள துறைமுகத்தின் பெயரை நிலைய எழுத்தர் நேரில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குறிப்பில் எழுதினார். ஆய்வாளர் சரிபார்த்துக் கையொப்பமிட்டு நிலைய முத்திரை வைத்தார். ஓர் அரசாங்க அதிகாரி நேரில் பார்த்து, இன்ன பேர் இருக்கிறது என்று முத்திரை போட்டு எழுதினால் போதும், எந்தத் துறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று பதிவாளர் அம்மா சொன்னதை மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்படி ஆகும் என்று என் தாயார் முன்கூட்டியே யோசித்துத்தான் வெட்டினாரா என்று கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது. சற்றுமுன் நிலைய வராந்தாவில் தாய்மாமாவும் அவரிடம் இதையேதான் கேட்டார். அதற்கு அவர், "சும்மா நிக்கிறவரைக்கும் அது அவங்களோடது இல்லண்ணே. காணாமப் போனாத்தானே அவங்களுக்கு ஞாபகம் வரும்" என்றார். அவர் அதை இப்போது நினைத்துச் சொன்னாரா, அப்போதே நினைத்திருந்தாரா என்பது அவரைத்தான் கேட்கவேண்டும். எனக்கு அவரை இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

எனக்கு முன்பு என் தாயாரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். எழுதும் காவலர் பெயர் கேட்டு எழுதினார், வயது கேட்டு எழுதினார். அதன்பிறகு தலையைத் தூக்காமல், "பொறந்த ஊரு?" என்று கேட்டார். என் தாயார் சுவரில் சாய்த்து வைத்திருந்த தகட்டைக் கையால் காட்டினார். காவலர் அதை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெயரை அப்படியே எழுதிவிட்டு, "தொழில்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆதாரம் கேட்கவில்லை.

தகட்டை வெட்டியது சட்டப்படி குற்றம் என்றால் அதில் எனக்குள்ள பங்கை ஒப்புக்கொள்கிறேன். கைப்பற்றுதல் குறிப்பு, புகார், என் தாயாரின் வாக்குமூலம் ஆகிய மூன்றுக்கும் முத்திரையிட்ட நகல் எனக்கு வேண்டும். மாத முடிவுக்கு இன்னும் இரண்டு வேலை நாட்கள் இருப்பதால் இன்றே கொடுத்து உதவக் கோருகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இது எழுதப்பட்டது. முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நானும் ஒருமுறை வாங்கிப் படித்தேன். தொழில் வழக்கத்தால் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன், அவை திருத்தப்பட்டு என் சுருக்கொப்பம் பெறப்பட்டுள்ளது. மற்றபடி இதில் உள்ளவை எல்லாம் நடந்தவை. நடந்த வரிசையிலேயே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
மகள்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. நகல்கள் மூன்றும் இன்றே வழங்கப்பட்டன.

(ஒப்பம், நிலைய முத்திரை)
ஆய்வாளர்